கழற்றிய பிறகு என்ன?

சீனி வருத்தம், சென்சர், தோட்டத்து நாள்: ஹட்டனில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்தத் தலைப்புக்கு ஒரு வைத்தியரைக் கூப்பிட்டிருக்கலாம், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியரை ஏன் மேடையேற்றினார்கள் என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். நியாயம்தான். மருந்து எழுதித்தர எனக்குத் தகுதியில்லை. இன்றைக்கு நான் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆனால் எனக்கும் சீனி வருத்தம் இருக்கிறது. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். கையில் ஒட்டும் சென்சர் வில்லையை நானும் போட்டுப் பார்த்தவன். வில்லை எப்படி வேலை செய்கிறது, அதை ஒட்டியவர் என்ன செய்தால் பலன், என்ன செய்யாவிட்டால் காசுக்குக் கேடு என்று சொல்ல இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் நாட்டு நிலைமை. 2005, 2006ஆம் ஆண்டுகளில் பிரசாத் கட்டுலந்த தலைமையிலான குழு ஏழு மாகாணங்களில் ஏறத்தாழ 5,000 பேரைச் சோதித்தது. வயது வந்தவர்களில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. நகரத்தில் 16.4 வீதம், கிராமத்தில் 8.7 வீதம். அடுத்த பெரிய கணக்கு 2018, 2019இல் நடந்த சுகாதார, முதுமை ஆய்வில் வந்தது. அதில் வயது வந்தவர்களில் 23 வீதம்! இன்னும் 30.5 வீதத்தினர் வாசற்படியில் நிற்கிறார்கள், அதாவது நீரிழிவுக்கு முந்திய நிலையில். இரண்டு ஆய்வுகளும் ஒரே முறையில் நடந்தவை அல்ல, ஆகவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக் கணக்குப் போடக்கூடாது. ஆனால் இது கொழும்புக்காரரின் வருத்தம், கார் வைத்திருப்பவரின் வருத்தம் என்ற பழைய நினைப்பு இனிச் செல்லாது.

மலை ஏறி இறங்கி உழைக்கும் சனத்துக்கு ஏன் சீனி வருகிறது என்று கேட்பார்கள். ஒரு காரணம் நாம் பிறக்கும் முன்பே தொடங்குகிறது. புனே அருகேயுள்ள ஆறு கிராமங்களில் 1993இல் வைத்தியர் யாக்னிக் தொடங்கிய ஆய்வில், அங்கே பிறந்த குழந்தைகள் எடையில் சிறியவர்கள், சதை குறைந்தவர்கள், ஆனால் உடம்பில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை என்று கண்டார்கள். தாயின் வயிற்றில் பட்டினி கிடந்த பிள்ளை, பிற்காலத்தில் கொஞ்சம் தாராளமாகச் சாப்பிட்டாலே சீனி வருத்தத்துக்கு ஆளாகிறது. எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் நாட்டின் சராசரியைவிட அதிகம். இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த காரணம் தட்டில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் சம்பளத்தில் கழித்துக்கொண்டு அரிசி கொடுத்தார்கள். பிறகு கோதுமை மா வந்தது. திருகோணமலையில் பிரீமா ஆலை 1980இல் ஓடத் தொடங்கிய பின் மா எந்தச் சந்துக் கடையிலும் கிடைத்தது. காலையில் ரொட்டியும் சம்பலும், பத்து மணிக்கு மீண்டும் ரொட்டி, இரவில் சோறு, இடையிடையே சீனி போட்ட பிளேன்டி. நுவரெலியாவில் லீக்ஸும் கரட்டும் கோவாவும் போஞ்சியும் லொறி லொறியாக இறங்குகின்றன. அவற்றை நட்டுப் பிடுங்குகிறவர் வீட்டில் பாதி நாள் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயச் சம்பல்தான். இதையெல்லாம் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. மலிவாக வயிறு நிறைய வேறு என்ன இருந்தது?

சரி, கருவிக்கு வருவோம்.

மேற்கையின் பின்புறத்தில் ஒட்டும் வட்டமான வில்லை அது. நாணயக் குற்றியைவிடச் சற்றுப் பெரியது. அதன் அடியில் தலைமயிர் அளவுக்கு மெல்லிய நார் ஒன்று தோலுக்குக் கீழே போய் நிற்கும். அந்த நாரில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியம் பூசியிருக்கும். சீனி அதில் பட்டால் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகும். சீனி கூடினால் மின்னோட்டமும் கூடும். 1962இல் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் சொன்ன யோசனைதான் இதற்கு அடிப்படை. தோலுக்கடியில் வைத்து நாள்கணக்காக அளக்கும் முதல் கருவிக்கு அமெரிக்காவில் 1999இல் அனுமதி கிடைத்தது. விரலில் குத்திச் சரிபார்க்க வேண்டிய தேவையின்றி 14 நாள் ஒட்டியிருக்கும் லிப்ரே வகை 2014இல் ஐரோப்பாவில் வந்தது. இன்று நம் ஊரில் பேச்சில் அடிபடுவது பெரும்பாலும் இந்த வகைதான். இது வந்தபின் சாதாரண சனமும் இதை யோசிக்க முடிந்தது.

வில்லை இரத்தத்தை அளப்பதில்லை. செல்களுக்கு இடையில் ஊறிநிற்கும் நீரை அளக்கிறது. மழைக்கால மலையில் காலில் ஏறும் அட்டையைப் போல இதுவும் ஒட்டிக்கொண்டு கிடக்கும், ஆனால் ஒரு சொட்டு இரத்தம் எடுக்காது. இரத்தத்தில் ஏறிய சீனி அந்த நீருக்கு வந்து சேர ஐந்து முதல் பத்து நிமிடம் வரை பிடிக்கும். ஆகவே சீனி வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் விரலில் குத்திப் பார்த்த எண்ணும் வில்லை காட்டும் எண்ணும் ஒத்துப்போகாது. கருவி பழுது என்று பிடுங்கி எறிய வேண்டாம்.

இப்போது இதன் பெறுமதி எங்கே என்று பாருங்கள். கிளினிக்குக்குப் போகும் நாளுக்கு முதல் நாள் நாம் என்ன செய்கிறோம்? இரவில் அரை வயிறு சாப்பிட்டு, காலையில் தேத்தண்ணியும் குடிக்காமல், பஸ் ஏறி, வரிசையில் நின்று இரத்தம் கொடுக்கிறோம். எண் நன்றாக வந்தால் வைத்தியர் சிரிக்கிறார், நாமும் சிரிக்கிறோம். திரும்பி வரும் வழியிலேயே பஸ் ஸ்டாண்டில் இரண்டு வடையும் ஒரு கேக் துண்டும் உள்ளே போய்விடும். மாதத்தில் ஒரு நாள், அதுவும் வெறும் வயிற்றில் எடுத்த ஒரு எண், மற்ற நாட்களைப் பற்றி என்ன சொல்லும்? வில்லையோ பதினைந்து நிமிடத்துக்கு ஒரு எண் வீதம் நாளைக்கு 96 எண் பதிந்து வைக்கிறது. 14 நாளில் 1,344. இதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

மூன்று மாதச் சராசரி காட்டும் ஏவன்சி பரிசோதனை இருக்கிறதே என்பீர்கள். நல்ல பரிசோதனைதான். ஆனால் அது சிவப்பணுவில் ஒட்டிய சீனியை அளப்பது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவருக்கு அந்த எண் இருப்பதைவிடக் கூடக் காட்டலாம். தலசீமியா போன்ற இரத்தக் கோளாறு உள்ளவருக்குத் தவறாகக் குறைத்தும் காட்டலாம். நம் தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு இரத்தம் குறைவு என்று தோட்ட வைத்தியசாலையில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். மேலும் சராசரி என்பது பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கி மறைத்துவிடும். காலையில் 55, இரவில் 290 என்று ஆடுகிறவரும், எப்போதும் 170 பக்கம் நிற்கிறவரும் ஏவன்சியில் ஒரே ஆளாகத் தெரியலாம்.

இவ்வளவு கேட்டதும், அப்படியானால் ஒன்றை வாங்கி ஒட்டிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். அங்கேதான் என் பேச்சின் முக்கியமான இடம் வருகிறது. ஒட்டுவதால் சீனி குறைவதில்லை. தொடர்ந்து ஒட்டி, தொடர்ந்து பார்த்து, பார்த்ததற்கேற்ப நடந்தால்தான் குறைகிறது. இதற்கு இரண்டு சான்று சொல்கிறேன்.

ஒன்று, 2008இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு. முதலாம் வகை நீரிழிவு உள்ள 322 பேரை, சிறுபிள்ளைகள், இளைஞர்கள், பெரியவர்கள் என்று வயதுவாரியாகப் பிரித்து, பாதிப்பேருக்கு சென்சர் கொடுத்தார்கள். 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏவன்சி தெளிவாகக் குறைந்தது. 15 முதல் 24 வயதுவரை உள்ளவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஏன்? பெரியவர்களில் 83 வீதமானோர் வாரத்தில் ஆறு நாளாவது போட்டிருந்தார்கள். இளைஞர்களில் 30 வீதம்தான். சிறுபிள்ளைகளில் 50 வீதம். பின்னர் அதே கணக்கை வேறுவிதமாகப் பிரித்துப் பார்த்தபோது, எந்த வயதாக இருந்தாலும் ஒழுங்காகப் போட்டவருக்குப் பலன் கிடைத்திருந்தது. வயது ஒரு சாட்டு, அவ்வளவுதான். அந்தக் காலத்துச் சென்சர் இன்றையதைவிடத் தொல்லை பிடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். இளைஞர்களை மட்டும் குறை சொல்லக்கூடாது.

மற்றது இரண்டாம் வகைக்காரருக்கானது, 2021இல் வெளிவந்த, மொபைல் என்று பெயரிட்ட ஆய்வு. நீண்டநேரம் வேலை செய்யும் இன்சுலின் மட்டும் ஏற்றும் 175 பேர். எட்டு மாதம் சென்சர் போட்டவர்களின் ஏவன்சி 1.1 புள்ளி இறங்கியது, விரலில் குத்திப் பார்த்தவர்களுக்கு 0.6. அதன்பிறகு செய்ததுதான் நமக்குப் பாடம். சென்சர் போட்டவர்களில் ஒரு பகுதியினரை நிறுத்தச் சொன்னார்கள். தொடக்கத்தில் அவர்களின் சீனி சரியான அளவுக்குள் நின்ற நேரம் 38 வீதம். எட்டு மாதத்தில் அது 62 வீதத்துக்கு ஏறியிருந்தது. கழற்றி ஆறு மாதம் போனதும் 50 வீதத்துக்கு வந்துவிட்டது. கிடைத்ததில் பாதி போயிற்று, பாதி நின்றது. போன பாதியைப் பார்த்துத் தொடர்ந்து போடுங்கள் என்கிறார்கள் வைத்தியர்கள். நின்ற பாதியையும் நான் கவனிக்கிறேன். எப்போதும் போட வசதியில்லாத நமக்கு அந்தப் பாதி பெரிய ஆறுதல். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வெளிநாட்டு ஆய்வுகள் நம் தோட்டத்து உழைப்பை மனதில் வைத்து நடந்தவை அல்ல. நம் நாள் வேறு. காலை ஐந்து மணிக்கு எழும்பி ஒரு கோப்பை தேத்தண்ணி. பிள்ளைகளுக்குச் சமைத்து, பாடசாலைக்கு அனுப்ப ஆயத்தம் செய்து, சிறுசை பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள் பெண். இன்சுலினோ கிளிக்லசைடு குளிசையோ காலையிலேயே உள்ளே போயிருக்கும், சாப்பாடு பத்து மணிக்குத்தான். செங்குத்தான மலையில் கூடை சுமந்து ஏறும்போது தசைகள் இரத்தத்தில் இருக்கும் சீனியை உறிஞ்சும். ஒன்பது மணிக்கு நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது. கங்காணி திட்டுவார் என்று சொல்லாமலே கொழுந்து எடுக்கிறாள். பக்கத்தில் நிற்பவள் 'பசி மயக்கம்' என்பாள். அது சீனி இறங்கிய மயக்கமாக இருக்கலாம். அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, இன்னும் சரியாகாவிட்டால் மீண்டும் அதையே செய்ய வேண்டும். சீனி வருத்தக்காரரின் மடியில் ஒரு சின்னச் சீனிப் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம், அது உயிர் காக்கும் பொருள்.

இன்னொன்று. திம்புள்ளைப் பக்கத்தில் தை முதல் பங்குனி வரை வெயிலும் காற்றும்; கொழுந்து குறைவு, வேலை நாளும் குறைவு. சித்திரை, வைகாசியில் மழை விழுந்ததும் கொழுந்து குவியும், கிலோ எடுத்து முழுச் சம்பளப் பேர் போட நாள் முழுக்க ஓட்டம். ஒரே அளவு இன்சுலினை இந்த இரண்டு காலத்திலும் ஏற்றினால், ஒன்றில் சீனி ஏறும், மற்றதில் இறங்கும். கடுமையான வேலை செய்த நாளின் இரவில், தூக்கத்திலும் சீனி இறங்கும். வைத்தியருக்கு இது தெரியாது, ஏனென்றால் நாம் சொல்வதில்லை. இந்தப் பருவ வித்தியாசத்தை இரண்டு சென்சர் படங்கள் பக்கத்தில் வைத்தால் யாரும் விளக்காமலே கண்டுகொள்ளலாம். கொழும்பிலோ சென்னையிலோ எழுதிய கைநூல் எதிலும் கொழுந்துக் காலம் என்று ஒரு அத்தியாயம் இருக்காது.

ஒழுங்காகப் போட முடியாமல் போவதற்கும் காரணம் பெரும்பாலும் மலையில்தான் இருக்கிறது, நம் சோம்பலில் அல்ல. பீலியில் குளித்தால் வில்லைக்கு ஒன்றும் ஆகாது, ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும். ஆனால் குளிர்ந்த காலையில் போட்ட சுவெட்டரை வெயில் ஏறியதும் தலைவழியாக உருவும்போது வில்லையும் கூடவே வந்துவிடும். விறகுக் கட்டை இறக்கும்போது உரசும். படங்கை இழுத்துக் கட்டும்போது தட்டும். ஒட்டுவதற்கு முன் இடத்தை நன்றாகக் கழுவி, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துக் காயவிட வேண்டும்; தைலம் பூசும் பழக்கம் உள்ளவர்கள் அன்றைக்கு அந்தக் கையை விட்டுவிடுங்கள். மேலே ஒரு துண்டு மருந்துப் பிளாஸ்டர் சுற்றி ஒட்டிக்கொள்ளலாம், நடுவிலுள்ள துளையை மட்டும் மூடாதீர்கள்.

அடுத்தது யாரும் முன்கூட்டிச் சொல்லாத சங்கடம். சில வகை லிப்ரே வில்லைகள் எட்டு மணி நேரத்து எண்களைத்தான் தம்மிடம் வைத்திருக்கும். அதற்குள் போனையோ வாசிப்புக் கருவியையோ கிட்டக் கொண்டுபோய் எடுத்துவிட வேண்டும். காலை ஆறரைக்கு வீட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு, போனை வீட்டிலேயே வைத்துவிட்டு மலைக்குப் போய், மாலை ஐந்தரைக்கு வந்து பார்த்தால் காலையில் மலை ஏறிய நேரத்து எண்கள் போயிருக்கும். நமக்கு முக்கியமான மணித்தியாலமே அதுதான்! ஆகவே பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, எழும்பியதும் ஒருமுறை. இதற்கு இன்டர்நெட்டோ சிக்னலோ வேண்டியதில்லை. மஸ்கெலியாப் பக்கத்து எந்த மூலையிலும் வேலை செய்யும். ஆனால் மலிவான போன்கள் பலவற்றில் இதைத் தொட்டு வாசிக்கும் வசதி இருக்காது. வாங்கும் முன் கடையில் கேளுங்கள்.

லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் மகனோ மருமகளோ அனுப்பும் சென்சர் என்றால் இன்னும் இரண்டு விஷயம். அங்கே வாங்கிய வில்லை இங்கே உள்ள செயலியோடு சேராமல் அடம்பிடிப்பதுண்டு. அளக்கும் அலகும் மாறும். நமக்கு 100 என்பது அவர்களுக்கு 5.6. கருவியில் 8 என்று பார்த்துப் பயந்துபோய்ச் சீனித் தண்ணீர் குடித்தால் விபரீதம். அது நம் கணக்கில் 144. அவர்களுடைய எண்ணை 18ஆல் பெருக்குங்கள்.

குளிரையும் சொல்ல வேண்டும். இந்த வில்லைகள் பொதுவாக 10 பாகைக்கு மேல் வேலை செய்யும்படி அமைந்தவை. நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படிவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கை ஆடைக்குள் இருந்தால் உடம்புச் சூடே போதும், வெறும் கையோடு நின்றால்தான் சிக்கல். மலையின் உயரத்தால் பிரச்சினை இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர், வில்லை 3,000 மீற்றர் வரை தாங்கும்.

இதைப் போட்டவுடன் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். முதல் நாள் எண்கள் அவ்வளவு சரியாக இராது. வில்லை ஒட்டிய கைமேல் ஒருக்களித்துப் படுத்தால், அந்த இடம் நசுங்கி, நடு இரவில் பொய்யாகச் சீனி குறைவு என்று காட்டும். சின்ன லயன் காம்பராவில் பிள்ளைகளோடு நெருக்கிப் படுப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். விற்றமின் சி மாத்திரையை அதிக அளவில் குடித்தால் லிப்ரே கூடக் காட்டும். வேறு சில நிறுவனங்களின் சென்சரை பனடோல் குழப்பும். உடம்பு வலிக்கு நாள்தோறும் பனடோல் போடும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு என்று தெரியுமே. உடம்பு ஒன்று சொல்லி, வில்லை வேறொன்று சொன்னால், விரலில் குத்திப் பார்ப்பதுதான் தீர்ப்பு. முக்கியமாக, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் எண் ஏறுவதைக் கண்டு ஊசிமேல் ஊசி ஏற்றாதீர்கள். முதலில் ஏற்றிய மருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து இரவில் ஆளைக் கவிழ்க்கும்.

எண்ணை எப்படி வாசிப்பது? ஒவ்வொரு எண்ணுக்கும் துள்ள வேண்டாம். 2019இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒரு அளவு வைத்தார்கள். 70க்கும் 180க்கும் இடையில் நாளின் 70 வீதமாவது நிற்க வேண்டும். மணிக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 17 மணித்தியாலம். 70க்குக் கீழே 4 வீதத்துக்கு மேல் போகக்கூடாது, அதாவது ஒரு மணித்தியாலம். 54க்குக் கீழே கால் மணித்தியாலம்கூடக் கூடாது. வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் பாதி நாள் அந்த அளவுக்குள் நின்றாலே போதும், ஆனால் கீழே இறங்குவது மட்டும் 1 வீதத்தைத் தாண்டக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு அளவு இன்னும் இறுக்கம், 63 முதல் 140 வரை. பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே கோடு போட்டு மனம் நோகாதீர்கள்.

பிறகு வீட்டுக்குள் சின்னச் சோதனைகள் செய்து பாருங்கள். ஒரு நாள் வழமைபோல் ரொட்டியும் சம்பலும். மறுநாள் ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, பருப்பும் கீரையும் முதலில் சாப்பிட்டு, பிறகு ரொட்டி. இன்னொரு நாள் இரவுச் சோற்றுக்குப் பிறகு கால்மணி நேரம் லயத்து முன்னால் நடந்து பாருங்கள். பிளேன்டியில் சீனியை விட்டுவிட்டு ஒரு நாள். எது உங்கள் உடம்பில் கோட்டைத் தாழ்த்துகிறது என்று நீங்களே கண்டால், எந்த வைத்தியரின் ஏச்சையும்விட அது மனதில் நிற்கும். கௌரி விரதம், கந்தசஷ்டி பிடிக்கிறவர்கள், இன்சுலின் ஏற்றுபவர்களாக இருந்தால், விரதத்துக்கு முன்பே வைத்தியரைக் கண்டு பேசிவிடுங்கள். விரத நாட்களில் வில்லை ஒட்டியிருந்தால் நல்லது, ஆனால் அது கீழே காட்டியதும் விரதத்தை முறிக்கத் தயாராக இருக்க வேண்டும். முருகன் கோபிக்க மாட்டார்.

இனிக் காசு. நாட்சம்பளம் 1,000 ரூபா ஆவதற்கு 2021 வரை நாம் நடத்திய போராட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024இல் அது 1,350 ஆயிற்று. ஒரு வில்லையின் விலைக்கு எத்தனை நாள் பேர் போட வேண்டும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அது பதினாலு நாளில் முடிந்துவிடும், மாதத்துக்கு இரண்டு வேண்டும். அரச கிளினிக்கில் இன்சுலின் இலவசம், மெட்போமின் இலவசம். வழமையாகக் கொடுக்கும் பொருட்களில் சென்சர் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் சாதாரண மருந்துக்கே அலைந்ததையும் மறக்கவில்லை. இந்த நிலையில் 'தொடர்ந்து போடுங்கள்' என்று மேடையில் நின்று சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே யாருக்கு எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலாம் வகை வருத்தம் உள்ள பிள்ளைகளும், நாளுக்கு மூன்று நான்கு தடவை இன்சுலின் ஏற்றுபவர்களும் விடாமல் போட வேண்டும். இடைவெளி விட்டால் பலனில்லை. முதலாம் வகை உள்ள கர்ப்பிணிகளும் அப்படியே. 2017இல் வெளிவந்த கொன்செப்ட் ஆய்வில், சென்சர் போட்ட தாய்மாரின் குழந்தைகள் அளவுக்கு மீறிப் பெருத்துப் பிறப்பதும், பிறந்தவுடன் தீவிர பராமரிப்புப் பிரிவில் கிடப்பதும் குறைந்தன. இவர்களுக்கு இதை வாங்கித்தருவது குடும்பத்தின் பொறுப்பாக இருக்கக்கூடாது. அரசு தர வேண்டும். இங்கிலாந்தில் முதலாம் வகையினர் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று 2022இல் நெறிமுறை எழுதினார்கள். நம் நாடு அவ்வளவு பணக்கார நாடில்லை என்பது தெரியும், ஆனால் இந்தப் பிள்ளைகளின் தொகையும் அவ்வளவு பெரிதில்லை.

குளிசை மட்டும் குடிக்கும், அல்லது ஒருவேளை ஊசி போடும் இரண்டாம் வகையினர் வருடம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 14 நாளில் 70 வீதத்து எண்கள் பதிந்தாலே, முந்திய மூன்று மாதத்து நிலையைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம் என்று அந்த 2019 கூட்டம் சொன்னது. ஆகவே திட்டமிட்டுப் போடுங்கள். கொழுந்துக் காலத்தில் ஒன்று, கொழுந்தில்லாக் காலத்தில் ஒன்று. மருந்து மாற்றினால் ஒன்று. மொபைல் ஆய்வில் நின்ற அந்தப் பாதி, பார்த்துக் கற்றவர்கள் கழற்றியபின்னும் கையில் வைத்திருந்த பாதி. அதைக் கற்க இத்தனை போதும் என்பது என் எண்ணம். சீனி வருத்தமே இல்லாமல், சும்மா எண் பார்க்கும் ஆசையில் இதை ஒட்டும் புதிய நாகரிகம் ஒன்று இருக்கிறது. 2024இல் அமெரிக்காவில் மருந்துச் சீட்டில்லாமலே விற்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் செலவில் யாராவது ஒரு பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள் என்பேன்.

தோட்டத்தில் செய்யக்கூடியதும் ஒன்றிருக்கிறது. வாசிப்புக் கருவி ஒன்றைத் தோட்ட வைத்தியசாலையின் பொதுச் சொத்தாக வைத்துக்கொண்டு, ஒருவர் அதை 14 நாள் எடுத்துப்போய்ப் பார்த்து முடித்ததும் அடுத்தவருக்கு வில்லையை ஒட்டி அதே கருவியில் தொடங்கலாம். வில்லைதான் ஆளுக்கு ஒன்று, கருவி எல்லோருக்கும் பொது. இடையில் ஒருவர் எண்களை எழுதி வைக்க வேண்டும். நம் கோயில் திருவிழாவுக்குக் கணக்கு எழுத நான்கு பேர் முன்வருகிறார்கள், இதற்கு ஒருவர் கிடைக்க மாட்டாரா? 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் வந்து டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடத்தைத் திறந்தபோது நாம் திரண்டு நின்றோம். கட்டடம் வந்தது, நல்லது. அதற்குள் என்னென்ன வேண்டும் என்று கேட்பதும் நம் வேலைதான். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் தொழிற்சங்கத் தலைவர்கள், இன்சுலின் ஏற்றும் தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றையும் மேசையில் வைக்கட்டும். பட்டியல் எடுக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. தோட்டத்துக்கு ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாக நடந்தால் போதும்.

சென்சர் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது போனில் உள்ள 14 நாள் அறிக்கையைக் கடையில் கொடுத்து ஒரு தாளில் அச்சடித்து, கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு போங்கள். மலைக்குப் போன நாட்களுக்கு நேரே ஒரு கோடு, வீட்டிலிருந்த நாட்களுக்கு நேரே ஒரு புள்ளி. வைத்தியர் பார்க்க மறந்தால் நீங்களே எடுத்து மேசையில் வையுங்கள். சென்சர் இல்லாதவர்கள் ஒற்றைத் தாளில் சாப்பிட்ட நேரம், மருந்து போட்ட நேரம், மயக்கம் வந்த நேரம் மூன்றையும் இரண்டு வாரம் எழுதிக்கொண்டு போங்கள். கிளினிக் நாளுக்கு முதல் நாள் இரவு, வழமைபோலவே சாப்பிடுங்கள்.